தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு: ரயில் சத்தத்தைப் படிக்க ஒரு தொடக்கப் பாடம்

ரயில் பாதையை ஒட்டிப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். கொஞ்சம் பழகிய பிறகு அதற்குள்ளிருந்து தனித்தனிச் சத்தங்கள் பிரிய ஆரம்பிக்கும். சக்கரம் உருள்வது ஒன்று, இணைப்பில் தட்டுவது ஒன்று. ஹார்ன், வளைவில் எழும் கிரீச், பிரேக், நிற்கும் வண்டியின் உறுமல், ஜன்னல் கண்ணாடி நடுங்குவது என்று இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்துவிட்டால் சில சத்தங்கள் தொந்தரவாகவே இருக்காது. வேறு சிலவற்றின் மீது நியாயமான கோபம் வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

நானும் பாதையோரவாசிதான். ரயில் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்காகப் பக்கத்தில் குடியிருப்பது சுகம் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ரயிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து கேட்கத் தொடங்க எவ்வளவு தெரிந்தால் போதுமோ, அவ்வளவை இங்கே எழுதுகிறேன்.

தடக் தடக் எங்கே போனது?

ரயில் என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது அந்தத் தடக் தடக். இப்போது முக்கியப் பாதைகளில் அது ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. எப்படி என்று பார்த்தால் ரயில் பாதையின் மிக அழகான பொறியியல் விஷயம் ஒன்று புரியும்.

நம் அகலப் பாதைக்கான தண்டவாளத்தின் வழக்கமான நீளம் 13 மீட்டர். முன்பு ஒவ்வொரு 13 மீட்டருக்கும் இரண்டு துண்டுகளை ஃபிஷ்பிளேட் என்ற இரும்புப் பட்டைகளால் இணைத்து, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அந்த இடைவெளி. வெப்பம் 30 டிகிரி கூடினால் 13 மீட்டர் தண்டவாளம் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். இடைவெளியைத் தாண்டும்போது சக்கரம் விழுந்து எழும், அதுதான் ‘தடக்’. ஒரு பெட்டியின் பின்பக்கச் சக்கரங்களும் அடுத்த பெட்டியின் முன்பக்கச் சக்கரங்களும் கிட்டக் கிட்ட இருப்பதால், பாதையோரம் நிற்பவர்களுக்கு ‘தடக்-தடக், தடக்-தடக்’ என்று சேர்ந்து வந்து, பெட்டியின் நடுப்பகுதி கடக்கும்போது ஒரு சின்ன மௌனம் கேட்கும். அந்தத் தாளம் அப்படித்தான் பிறந்தது.

அந்தக் காலத்துப் பயணிகள் இதை வைத்து வேகத்தையும் கணக்கிடலாம். 13 மீட்டர் தண்டவாளத்தில், ஏறத்தாழ 47 விநாடிகளில் எத்தனை ‘தடக்’ கேட்கிறதோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 47 விநாடியில் 60 தட்டு என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர்.

இப்போது தண்டவாளங்களை வெல்டிங் செய்து கிலோமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக இணைத்துவிடுகிறார்கள். அப்படியானால் வெயிலில் என்ன ஆகும்? தடையில்லாமல் விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூட்டில் ஒரு அடிக்கு மேல் நீள வேண்டும். ஆனால் நீளாது, நீள விடுவதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர், தண்டவாளத்தை அதோடு கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிளிப், ஸ்லீப்பரைச் சுற்றி நெருக்கிப் போட்ட ஜல்லி, இவை மூன்றும் சேர்ந்து அதை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத தண்டவாளத்துக்குள் அந்த விசை அழுத்தமாகத் தங்கிவிடுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், 30 டிகிரி கூடினால் உள்ளே ஏறும் அழுத்தம் 50 டன்னுக்கும் மேல். இரு முனைகளை ஒட்டிய சிறு பகுதி மட்டும் நகரும். அதற்காக முனைகளில் தனி இணைப்பு வைத்திருப்பார்கள்.

பாதையோர ஜல்லி வெறும் கல் குவியல் என்று நினைத்து அதை அள்ளிப்போய் வீட்டு வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஏப்ரல், மே வெயிலில் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்து போகாமல் பிடித்துக்கொண்டிருப்பவற்றில் அந்தக் கல்லும் ஒன்று. கடும் வெயில் நேரத்தில் டிராக்மேன்கள் பாதையில் நடந்து கண்காணிப்பது இந்த வளைவைத் தேடித்தான். குளிர்ந்த இரவுகளில் நடப்பது எதிர்க் காரணத்துக்காக: அப்போது தண்டவாளம் சுருங்கப் பார்த்து உள்ளே இழுவிசை ஏறும், பலவீனமான வெல்டிங் விட்டுப்போகலாம். கையில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் உங்கள் வீட்டைக் கடந்து போகிற அந்த மனிதர் கீமேன். தளர்ந்த கிளிப்பைத் தட்டி ஏற்றிக்கொண்டே போவார். அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துப் பழகி வையுங்கள், பாதையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தடக் தடக் இன்னும் வேண்டுமென்றால் ஸ்டேஷனின் பக்கப் பாதைகளுக்கும் யார்டுகளுக்கும் போக வேண்டும். தடம் மாறும் பாயிண்டுகளிலும் கேட்கும். அங்கே ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டுவதால் சக்கரம் தாண்ட ஒரு இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

இணைப்பே இல்லை, அப்புறம் ஏன் இரைச்சல்?

சக்கரமும் தண்டவாளமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் மிக நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அவை உரசி உருளும்போது சக்கரம், தண்டவாளம், ஸ்லீப்பர் மூன்றும் அதிர்ந்து அந்த ‘ஹோ’வென்ற இரைச்சல் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இது சுமார் 9 டெசிபெல் கூடும்.

இதில் பிரேக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பழைய நீல நிற ஐசிஎஃப் வகைப் பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் உருளும் பரப்பையே அழுத்தும். அழுத்த அழுத்த அந்தப் பரப்பு சொரசொரப்பாகும். புதிய வகையான எல்எச்பி பெட்டிகளில் அச்சில் தனியாகத் தட்டு இருக்கிறது, பிரேக் அதைத்தான் பிடிக்கும். சக்கரம் வழவழப்பாகவே இருப்பதால் இரைச்சல் குறைவு. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை 1955ல் இருந்து கட்டிவந்த பழைய வகைப் பெட்டிகளை 2018ன் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்த வகை ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று வருகிறது. பாதையோரம் இருப்பவர்களுக்கு இது உண்மையாகவே நல்ல செய்தி.

சில சமயம் ஒரு வண்டி போகும்போது ஒரே ஒரு பெட்டியிலிருந்து மட்டும் ‘டம் டம் டம்’ என்று சம்மட்டி அடிப்பது போலக் கேட்கும். பிரேக் இறுகி, சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் வழுக்கிப்போயிருக்கிறது, அதனால் வட்டத்தில் ஒரு இடம் தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டையான இடம் தண்டவாளத்தை அறையும். நம் தூக்கத்தை மட்டும் கெடுக்கிற விஷயமில்லை இது, தண்டவாளத்துக்கும் ஆபத்து. பலமாகக் கேட்டால் பக்கத்து ஸ்டேஷனில் சொல்வது நல்லது.

வளைவில் வரும் காது கூசும் கிரீச்சுக்குக் காரணம் வேறு. ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்திய இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஆனால் வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம் அதிகம். மெல்லிய வளைவுகளில் சக்கரத்தின் கூம்பு வடிவம் அதைச் சமாளித்துவிடும். கூரிய வளைவில் முடியாமல் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் வழுக்கி, மறுபடி பிடித்து முன்னேறும். அந்தப் பிடித்து வழுக்குவதுதான் கிரீச்.

ஹார்ன்

புகார்களில் முதலிடம் ஹார்னுக்குத்தான். நடுராத்திரியில் ஓட்டுநர் வேண்டுமென்றே அடிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் லோகோ பைலட்டுக்கு அதில் விருப்பம் எதுவும் கிடையாது. லெவல் கிராசிங் கேட்டுக்குச் சுமார் 600 மீட்டர் முன்னால் பாதையோரம் ‘டபிள்யூ/எல்’ என்று எழுதிய மஞ்சள் பலகை இருக்கும். அதைக் கண்டதும் கேட்டைத் தாண்டும் வரை ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது விதி. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு 600 மீட்டர் கடக்க 20 விநாடி ஆகும். உங்கள் தெரு அந்தப் பலகைக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்தால் அந்த 20 விநாடி முழுவதும் உங்களுக்குத்தான்.

சில ஹார்ன்களுக்குப் பொருள் உண்டு. ஸ்டேஷனில் நிற்கும் வண்டி ஹார்ன் அடித்தால் பெரும்பாலும் அது புறப்படப் போகிறது. விடாமல் அடுத்தடுத்துக் குட்டிக் குட்டியாக அடித்தால் பாதையில் ஏதோ ஆபத்து, ஆள் அல்லது மாடு நிற்கலாம். அதைக் கேட்டால் வெளியே வந்து பாருங்கள், வீட்டுக் குழந்தைகள் எங்கே என்று ஒருமுறை கவனியுங்கள்.

ஹார்ன் அடித்துக்கொண்டே வண்டி நம்மைக் கடக்கும்போது ஒலி திடீரென்று கீழே இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஒலி அலைகள் நெருங்கி வருவதால் சுருதி கூடும், விலகிப் போகும்போது அலைகள் இடைவெளி விட்டு வருவதால் சுருதி குறையும். கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் 1842ல் இந்த விளைவை எழுதினார். அவர் அப்போது யோசித்தது நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. ஒலியில் அதைச் சோதித்துப் பார்க்க 1845ல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி தேர்ந்தெடுத்தது ரயிலை. கொம்பு வாசிப்பவர்களை வண்டியில் ஏற்றி ஒரே சுரத்தை வாசிக்கச் சொல்லி, சுருதி ஞானம் உள்ளவர்களைப் பாதையோரம் நிறுத்திக் கேட்கவைத்தார். அன்றைக்கு மனிதர்களிடம் இருந்த மிக வேகமான வாகனம் அதுதானே!

110 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இந்த இறக்கம் ஏறத்தாழ அரைச் சுரங்கள் மூன்று. சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், சாதாரண காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவது. காது பழகியவர்கள் இதை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். மெதுவான கூட்ஸ் வண்டி அவ்வளவு இறங்காது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஹார்ன் மீதிருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது.

பகலில் கேட்காத தூரத்து ரயில் இரவில் பக்கத்துத் தெருவில் ஓடுவது போலக் கேட்பதற்கு ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று. பகலில் தரை சுட்டு, தரையோரக் காற்று மேலே உள்ளதைவிடச் சூடாக இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும் என்பதால் அலை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து நிலைமை தலைகீழாகும். மேலே போக வேண்டிய ஒலி கீழே வளைந்து நம் கட்டிலுக்கு வரும். மார்கழி விடியற்காலையில் இது உச்சத்தில் இருக்கும்.

கேட்டை ஏன் இவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்கள்?

வண்டியே கண்ணில் படவில்லை, அதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள் என்று பைக்கில் நின்று புலம்பாதவர் யார்? ஆனால் பெரும்பாலான கேட்டுகள் சிக்னலோடு இன்டர்லாக் செய்யப்பட்டவை. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சையாகும். வேகமாக வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். அதனால் நிறுத்தும் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு எச்சரிக்கை சிக்னல், வேகப் பாதைகளில் இரண்டு கிலோமீட்டர் முன்னால் இன்னொன்று என்று வைத்திருக்கிறார்கள். அந்த முதல் சிக்னலை ஓட்டுநர் பார்க்கும் முன்பே கேட் மூடியிருந்தால்தான் வண்டி வேகம் குறைக்காமல் வர முடியும். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்லி, இருவரும் ரகசிய எண் பரிமாறி, கேட்கீப்பர் வாகனங்களை ஒதுக்கி மூடுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த் திசையிலிருந்து ஒரு கூட்ஸும் வந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும்.

அந்தக் காத்திருப்பை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். 2025 ஜூலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் இறந்தது இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில். மூடாத கேட்டுக்குப் பச்சை சிக்னல் விழவே முடியாது என்ற ஏற்பாடு இருக்கிற இடத்தில், ஒரு மனிதரின் மறதி அவ்வளவு பெரிய விலையைக் கேட்காது.

ஏற்றுக்கொள்ள முடியாதது வேறொன்று. அகலப் பாதையில் ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டன, மிகவும் நல்ல காரியம். ஆனால் அவற்றுக்குப் பதிலாகப் பல ஊர்களில் வெட்டிய சுரங்கப்பாதைகளில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. அந்த நாட்களில் ஊர் இரண்டாகிவிடுகிறது. தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காமல் பள்ளம் தோண்டியதற்குப் பள்ளிப் பிள்ளைகள் ஊரைச் சுற்றி நடக்கிறார்கள்.

நின்றுகொண்டிருக்கும் வண்டி

ஓடும் ரயில் ஒரு நிமிடத்தில் போய்விடும். நிற்கும் ரயில்தான் பாடு. ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியில்லை என்றால் வண்டி அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள சிக்னலில் நிற்கும். அவுட்டரை ஒட்டிய வீடுகளுக்கு ஹார்னும், கிளம்பும்போது பெட்டிகள் இழுபடும் சத்தமும் கூடுதல் வரவு. முன்பு எல்எச்பி வண்டிகளின் முனையில் உள்ள ஜெனரேட்டர் பெட்டியும் டீசலில் உறுமிக்கொண்டே நிற்கும். இப்போது மின்சார எஞ்சினே மேல்கம்பியிலிருந்து எடுத்துப் பெட்டிகளின் விளக்குக்கும் ஏசிக்கும் மின்சாரம் கொடுக்கும் முறை பரவிவிட்டது. ஒரே வண்டி ஒருநாள் உறுமியும் மறுநாள் அமைதியாகவும் நின்றால் காரணம் இதுதான்.

இன்னொரு பழைய துன்பமும் தீர்ந்திருக்கிறது. பெட்டிக் கழிப்பறைகளிலிருந்து எல்லாம் நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்தில் அவுட்டரை ஒட்டி வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பயோ டாய்லெட் பொருத்தும் வேலை 2019 வாக்கில் எல்லாப் பெட்டிகளையும் எட்டியது.

பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

எஞ்சினின் பெயரே அதன் ஜாதகம். ‘டபிள்யூஏபி-7’ என்பதில் டபிள்யூ அகலப் பாதை, ஏ மாறுதிசை (ஏசி) மின்சாரம், பி பயணிகள் வண்டி. ‘டபிள்யூஏஜி-9’ என்றால் பி இருந்த இடத்தில் கூட்ஸைக் குறிக்கும் ஜி. பக்கவாட்டில் அது எஞ்சின்களைப் பராமரிக்கும் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கும்: ஈரோடு, அரக்கோணம், ராயபுரம். வடக்கே எங்கோ ஒரு ஊர்ப் பெயர் தெரிந்தால் அந்த எஞ்சின் எவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது என்று வியக்கலாம். கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறி இருக்கும், இரவில் சிவப்பு விளக்கு மின்னும். வண்டி நடுவில் அறுந்துபோகாமல் முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷனில் உறுதிசெய்யும் அடையாளம் அது. சிக்னலில் இரட்டை மஞ்சள் தெரிந்தால் அடுத்த சிக்னலையும் எச்சரிக்கையாகக் கடக்க வேண்டும், ஒற்றை மஞ்சள் தெரிந்தால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும் என்று பொருள்.

பார்க்க நல்ல இடம் பிளாட்பாரம், அல்லது நடைமேம்பாலம். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் போதும். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ரயிலின் இரைச்சல் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், நேர் எதிரே நிற்பவருக்கு வண்டி நெருங்கும் வரை பெரிதாகக் கேட்காது. மின்சார எஞ்சின் என்றால் இன்னும் மோசம். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே ஆபத்து.

வீடு பார்க்கும்போது

கடைசியாக, பாதையோரம் வீடு தேடுகிறவர்களுக்கு. பாதையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பாதை அங்கே நேராக இருக்கிறதா, வளைகிறதா? பாயிண்ட் இருக்கிறதா? கேட்டும் மஞ்சள் பலகையும் எங்கே? வண்டிகள் அவுட்டரில் நிற்கும் இடமா? நேரான, வெல்டிங் செய்த பாதைக்கு 50 மீட்டரில் உள்ள வீடு, கேட்டை ஒட்டி 150 மீட்டரில் உள்ள வீட்டைவிட நிம்மதியாக இருக்கலாம். சத்தம் பெரும்பாலும் சக்கர மட்டத்தில் பிறப்பதால் பாதையோர மதில் தரைத்தளத்துக்கு உதவும். மதிலுக்கு மேலே எட்டிப்பார்க்கும் இரண்டாம் மாடிக்கு அதனால் பயன் இல்லை. கூட்ஸ் அதிகம் ஓடும் பாதையா என்றும் விசாரியுங்கள். 58 வேகன் நிலக்கரியோடு போகும் வண்டி 5,000 டன்னுக்கு மேல் இருக்கும். அது தரை வழியாக அனுப்பும் அதிர்வை எந்த மதிலும் தடுக்காது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு ரப்பர் பீடிங் போட்டால் கிடுகிடுப்பாவது குறையும். பகலில் ஒருமுறை, நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறை அந்தத் தெருவில் போய் நின்று கேளுங்கள். அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.